தேனாம்பேட்டைக் கொலையும் மாஞ்சோலைத் தேயிலையும்

கேள்வி: மாஞ்சோலை எஸ்டேட் உருவானதே ஒரு கொலைக் கேஸால்தான் என்கிறார்களே, நிஜமா? சுட்டது கடம்பூர் ஜமீன்தான் என்று என் தாத்தா அடித்துச் சொல்வார். (கல்லிடைக்குறிச்சி வாசகர்)

பதில்: தாத்தாவுக்குத் தெரிந்தது பம்பாய் ஜூரிக்குத் தெரியாமல் போய்விட்டது. கடம்பூரை அவர்கள் விடுதலை செய்துவிட்டார்கள்.

சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் ஹவுஸ் என்று ஒரு பங்களா. தகப்பனை இழந்த, மேஜராகாத ஜமீன் வாரிசுகளை வெள்ளைக்கார சர்க்கார் அங்கே வைத்துப் படிக்கவைத்தது. பிரின்சிபால் கிளெமென்ட் டெ லா ஹே. 1919 அக்டோபர் 15 ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்தவரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். சந்தேகம் பங்களாவுக்குள்ளேயே, மாணவர்கள் மேல் விழுந்தது. மாட்டியவர்கள் இருவரும் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்: கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் வாரிசுகள்.

சிங்கம்பட்டி அப்ரூவர் ஆனார், அதாவது சர்க்கார் தரப்புச் சாட்சியாக மாறினார். முப்பது வருஷம் கிரிமினல் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், கேஸ் பலவீனமானது அங்கேதான். அன்றிருந்த 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, உடந்தையாக இருந்தவன் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் செல்லும் என்றது. 114-ஆவது பிரிவோ, வேறு ஆதாரம் துணைக்கு வராதவரை அவன் பேச்சு நம்பத்தக்கதல்ல என்று கோர்ட் கருதலாம் என்றது. தன் தலை தப்ப அடுத்தவனைக் கைகாட்டுகிறவன் பேச்சை எந்த ஜூரிதான் அப்படியே விழுங்கும்? சென்னையில் வெள்ளைக்காரர்கள் கொதித்துக்கொண்டிருந்ததால் விசாரணை பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனது. அங்கே விடுதலை. அதோடு சரி, வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஏன் சுட்டார்கள் என்பதற்கு ஊரில் இரண்டு கதை. தமிழர்களைக் காட்டுமிராண்டிகள் என்று துரை திட்டினார் என்பது ஒன்று. இன்னொன்று துரையின் மனைவியைப் பற்றியது. கணவனைப் பறிகொடுத்தவள் மேல் ஊர் வாய் கூசாமல் போட்ட பழி. அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

இனி மாஞ்சோலை. வழக்குச் செலவில் சிங்கம்பட்டி கடனாளியாகி, மாஞ்சோலை அடங்கிய மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது என்பார்கள். 1929-இல் ஏறக்குறைய 8,373 ஏக்கர், 99 வருஷத்துக்கு விட்டது உண்மை. கடன் கதையை மறுக்க மாட்டேன். ஆனால் கொலைக்கும் குத்தகைக்கும் நடுவே பத்து வருஷம் இருக்கிறதே! ஜமீன்கள் கடன்பட ஒரு கொலைக் கேஸ்தான் வேண்டும் என்பதில்லை. கேஸும் பம்பாய், கம்பெனி பேரிலும் பம்பாய். முடிச்சுப்போட நம் ஊர்த் திண்ணைக்கு அது போதும்.

அப்புறம் ஒன்று. தாத்தாவுக்கு அதைச் சொன்னது யார்? பழைய பெட்டியில் கடிதமோ நோட்டோ கிடந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். 'எல்லாரும் பேசிக்கொண்டார்கள்' என்றால் தபால் செலவு வேண்டாம்.