விக்கிப்பீடியாவில் கோளாறா? அது எந்த அடுக்கில் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் வட்டாரத்துக் கோயில்கள், ஏரிகள் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறேன். சில நாள்களாக எதுவும் சரியாக நடக்கவில்லை. கைப்பேசியில் தொகுக்கப் போனால் நான் தடை செய்யப்பட்டிருப்பதாகச் செய்தி வருகிறது. மடிக்கணினியில் தொகுக்கும் பெட்டிக்கு மேலிருந்த கருவிப்பட்டையைக் காணவில்லை. பல கட்டுரைகளில் ஒரே பெட்டியைக் காட்டும் வார்ப்புரு ஒன்றில் தகவலைத் திருத்தினேன். கட்டுரைகளில் பழையதே தெரிகிறது. ஔவையார் கோயில் பற்றி நானே தொடங்கிய கட்டுரைக்கு இன்னொரு பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுத்தால், அப்படி ஒரு கட்டுரையே இல்லை என்பதுபோல் சிவப்பாக வருகிறது. 'எனக்கு எதுவும் வேலை செய்யவில்லை, உதவுங்கள்' என்று தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் எழுதினேன். பதில் இல்லை. யாரிடம் போவது?

பதில்: நான்கும் ஒரே வாரத்தில் வந்ததால் உங்களுக்கு ஒரே கோளாறாகத் தோன்றுகிறது. உண்மையில் இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சிக்கல்கள். நான்கையும் சரிசெய்யக்கூடியவர்கள் வெவ்வேறு ஆட்கள். பதில் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆலமரத்தடியைப் பார்க்கிறவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கிடைத்த அரைமணி நேரத்தில் உட்காருகிற தன்னார்வலர்கள். 'எதுவும் வேலை செய்யவில்லை' என்ற வரியைப் பார்த்தால் எங்கே கை வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

அடுக்குகளைச் சொல்லிவிடுகிறேன். கீழே உங்கள் கைப்பேசியும் கணினியும் உலாவியும் இணைய இணைப்பும். அதற்கு மேல் உங்கள் கணக்கும் அதில் நீங்கள் தேர்ந்துவைத்த விருப்பத்தேர்வுகளும். அதற்கு மேல் தமிழ் விக்கிப்பீடியர்களே எழுதிப் பராமரிக்கும் வார்ப்புருக்கள், வடிகட்டிகள், சிறு நிரல்கள். எல்லாவற்றுக்கும் மேலே விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும் வழங்கிகளும் (சர்வர்கள்). அவற்றை விக்கிமீடியா அறக்கட்டளையின் பொறியாளர்கள் கவனிக்கிறார்கள். எந்தக் கோளாறாக இருந்தாலும் கீழிருந்து மேலே போங்கள்.

சிவப்பு இணைப்பில் தொடங்குகிறேன். தமிழில் எழுதுகிற எவரும் என்றாவது மாட்டிக்கொள்கிற இடம் இது. ஆங்கில உதவிப் பக்கங்களில் இதற்கு விடை கிடைக்காது.

மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தைத் திறந்து, கட்டுரையின் தலைப்பை அங்கே ஒட்டுங்கள். இணைப்பில் நீங்கள் தட்டிய பெயரை அடுத்த வரியில் ஒட்டுங்கள். முதல் எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து பேக்ஸ்பேஸ் விசையை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். ஒரு வரியில் 'ஔ' முழுவதும் மறையும். மற்றதில் 'ள' மட்டும் மறைந்து 'ஒ' நிற்கும் என்பது என் கணிப்பு. அதாவது ஓரிடத்தில் ஔகாரம் என்ற ஒற்றை எழுத்து இருக்கிறது. இன்னோரிடத்தில் ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. கண்ணுக்கு இரண்டும் 'ஔவையார்' தான். கணினிக்கு இவை 'அவர்', 'இவர்' போல வெவ்வேறு சொற்கள். தட்டச்சுப் பழக்கத்தாலும், பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளாலும் இந்த ளகரம் உள்ளே நுழைந்துவிடுகிறது. 'கௌ', 'மௌ' போன்றவற்றிலும் இதே கதை.

கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டி 'கொ' எழுதினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். அதை மீடியாவிக்கி தானே சேர்த்து ஒன்றாக்கிவிடும்; யூனிகோடு விதிப்படி அவை சமம். ஔகாரத்துக்கென்று உள்ள நீளக்குறி வந்தாலும் சேர்த்துவிடும். ளகரத்தைப் போட்டால் மட்டும் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது, ஏனென்றால் அது உண்மையான ளகரம். 'ஸ்ரீ' இன்னும் சிக்கலானது. ஸகரத்தில் தொடங்கியும் அதை எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தேடிக் கிடைக்காதவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பிடிஎஃப் கோப்பிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ வெட்டி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. அப்படி ஐயம் வந்தால், ஒட்டியதை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

திருத்துவது எளிது. கட்டுரைத் தலைப்பே தவறாக இருந்தால் 'நகர்த்தவும்' வசதியால் சரியான பெயருக்கு மாற்றுங்கள். உள்ளடக்கத்தை வெட்டி புதிய பக்கத்தில் ஒட்டாதீர்கள். யார் எதை எழுதினார்கள் என்ற வரலாறு அறுந்துபோகும். தலைப்பு சரி, இணைப்புதான் தவறு என்றால் இணைப்பைத் திருத்தினால் போதும். பலரும் அதே பிழையுடன் தேடக்கூடும் என்பதால் தவறான வடிவத்தைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஒரு வழிமாற்றும் வைத்துவிடுங்கள்.

எழுத்து பற்றிப் பேசும்போதே இன்னொன்று. மீடியாவிக்கி பல இடங்களில் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. 'தமிழ்' நம் கணக்கில் மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் மொத்தம் 15 பைட். ஒரு தலைப்புக்கு உச்சவரம்பு 255 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்து வரை போகலாம். நமக்கு 85 குறிகளிலேயே முடிந்துவிடும். நீண்ட கோயில் பெயரைத் தலைப்பில் போட்டு, ஏற்கவில்லை என்று திணறுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். நீண்ட கட்டுரைகளில் அடியிலுள்ள வார்ப்புருக்கள் பெட்டியாக விரியாமல் வெறும் இணைப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வார்ப்புருக்கள் விரிந்து வருவதற்கு ஒரு பக்கத்துக்கு 2 மெகாபைட் என்று வரம்பு இருக்கிறது. மேற்கோள்கள் நிறைந்த தமிழ்க் கட்டுரை அந்த வரம்பை ஆங்கிலக் கட்டுரையைவிட விரைவில் தொட்டுவிடும். வார்ப்புருவில் பிழை தேடாதீர்கள். கட்டுரையைப் பிரிப்பதோ வார்ப்புருக்களைக் குறைப்பதோதான் வழி.

அடுத்து, தடை. 'தடை' என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் நோகும். நீங்கள் தவறு செய்ததாக யாரும் முடிவுகட்டவில்லை. கைப்பேசி இணையத்தில் ஒரே ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். அவர்களில் ஒருவர் பக்கங்களைச் சிதைத்தால், நிர்வாகிகள் அந்த முகவரியையோ அதைச் சுற்றிய முகவரி வரிசையையோ தடுக்கிறார்கள். அந்த வரிசையில் நீங்களும் இருந்திருக்கிறீர்கள்.

முதலில் கைப்பேசியில் புகுபதிகை (லாகின்) செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மடிக்கணினியில் செய்த புகுபதிகை கைப்பேசிக்கு வராது. செயலியும் உலாவியும்கூடத் தனித்தனி. இத்தகைய தடைகளில் பல, புகுபதிகை செய்யாதவர்களுக்கு மட்டுமானவை. உள்ளே நுழைந்ததும் தானே விலகிவிடும்.

புகுபதிகை செய்தும் நீங்கவில்லை என்றால் அந்தச் செய்தியை முழுவதும் படியுங்கள். யார் தடுத்தார், என்ன காரணம், எந்த நாள் வரை, தடையின் எண் என்ன என்று அதிலேயே இருக்கும். 'திறந்த பதிலி' என்ற பொருளில் காரணம் இருந்தால், விபிஎன் ஏதாவது ஓடுகிறதா, உலாவியில் டேட்டா மிச்சப்படுத்தும் வசதியோ ஆப்பிள் கருவிகளிலுள்ள 'பிரைவேட் ரிலே' வசதியோ இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். இவை உங்கள் போக்குவரத்தை வேறொரு வழங்கி வழியாகத் திருப்புகின்றன. அத்தகைய முகவரிகளை எல்லா விக்கிகளிலும் சேர்த்தே தடுத்துவைத்திருப்பார்கள். அதுவும் இல்லை என்றால் உங்கள் பேச்சுப் பக்கத்திலோ மின்னஞ்சலிலோ ஒரு நிர்வாகியிடம் ஐபி தடை விலக்கு கேளுங்கள். ஒழுங்காக எழுதிவரும் கணக்குக்கு அதைத் தருவதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. செய்தியின் திரைப்பிடிப்பைப் பொதுவில் போடும்போது ஐபி முகவரியை மறைத்துவிடுங்கள். தடை எண் போதும். முகவரி தேவைப்பட்டால் மின்னஞ்சலில் கொடுக்கலாம்.

நீங்கள் ஆசிரியை என்பதால் சொல்கிறேன்: என்றாவது மாணவர்களைக் கூட்டி விக்கிப் பயிலரங்கு நடத்துவீர்கள். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. ஏழாவது மாணவி பிழைச்செய்தியைப் பார்த்து முகம் வாடுவாள். முன்கூட்டியே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வரச் சொல்லுங்கள். அல்லது அந்த வரம்பு பொருந்தாத உரிமையுள்ள ஒரு விக்கிப்பீடியரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்ப்புருச் சிக்கலுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். வார்ப்புருவை மாற்றியதும் அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் அனைத்தும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படும். பக்கங்கள் மிகுதி என்றால் நேரம் பிடிக்கும். அவசரமானால் அந்தக் கட்டுரையில் 'தொகு' அழுத்தி, எதையும் மாற்றாமல் சேமித்துவிடுங்கள். வரலாற்றில் எதுவும் பதிவாகாது, பக்கம் புதுப்பிக்கப்பட்டுவிடும். அப்போதும் பழையதே நின்றால், அந்தத் தகவல் வார்ப்புருவிலிருந்து வராமல் விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத் தளத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

கருவிப்பட்டைக்கு வருவோம். விருப்பத்தேர்வுகளில் 'தொகுத்தல்' பகுதியில் அது தற்செயலாக அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொகுக்கும் பக்கத்தின் முகவரிக்குக் கடைசியில், 'சேஃப்மோட்' (safemode) என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டி, சமக்குறியும் 1 என்ற எண்ணும் சேருங்கள். முகவரியில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் இதற்கு முன்னால் 'அண்ட்' குறி (&) வேண்டும், இல்லையென்றால் கேள்விக்குறி. இப்படிப் பாதுகாப்பு முறையில் திறந்தால் விக்கியர்கள் எழுதிய சிறு நிரல்களும் உங்கள் கணக்கிலுள்ள நிரல்களும் ஒதுங்கிக்கொள்ளும். மென்பொருள் மட்டும் தனித்து ஓடும்.

பட்டை திரும்பி வந்துவிட்டதா? அப்படியானால் குற்றவாளி ஏதோ ஒரு கருவி, அதாவது அந்தச் சிறு நிரல்களால் ஆன கூடுதல் வசதி. விருப்பத்தேர்வுகளில் நீங்கள் இயக்கிவைத்த கருவிகளில் பாதியை அணைத்துப் பாருங்கள். கோளாறு நீங்கினால் அணைத்த பாதியில் இருக்கிறது, நீங்காவிட்டால் மற்ற பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். பதினாறு கருவிகள் இருந்தாலும் நான்கு சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம். பிறகு இடைமுக நிர்வாகிகளிடம் சொல்லுங்கள். 2018 முதல் தளம் முழுவதும் ஓடும் நிரல்களில் கை வைக்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே இருக்கிறது. சாதாரண நிர்வாகிகள் விரும்பினாலும் திருத்த முடியாது.

பட்டை வராவிட்டால் உலாவியின் தனிப்பட்ட சாளரத்திலும், பிறகு வேறொரு உலாவியிலும் பாருங்கள். விளம்பரத் தடுப்பான்கள் சில வேளைகளில் இப்படிச் செய்யும். எல்லாவற்றிலும் இல்லை என்றால் மேல் அடுக்குக்குப் போகலாம். அங்கே கிழமையைக் கவனியுங்கள். மீடியாவிக்கியின் புதிய பதிப்பு வாரந்தோறும் வருகிறது: செவ்வாயன்று சோதனைத் தளங்களுக்கு, புதனன்று பெரும்பாலான சகோதரத் திட்டங்களுக்கு, வியாழனன்று பெரும்பாலான விக்கிப்பீடியாக்களுக்கு. நேற்று வரை இருந்தது வெள்ளி காலையில் காணாமல் போனால் புதிய பதிப்பைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். அன்றே சொல்லிவிட்டால் காரணமான மாற்றத்தைப் பொறியாளர்கள் எளிதில் கண்டுபிடிப்பார்கள். இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் அவர்களும் பழைய மாற்றங்களைத் துழாவ வேண்டியிருக்கும்.

மென்பொருள் வழுக்களை, அதாவது பிழைகளைப் பதிய ஃபேப்ரிகேட்டர் என்ற தளம் இருக்கிறது. 2014 முதல் விக்கிமீடியாவின் எல்லாத் திட்டங்களுக்கும் அதுதான். உங்கள் விக்கிக் கணக்கைக் கொண்டே நுழையலாம். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் ஆலமரத்தடியில் தமிழில் தெளிவாக எழுதுங்கள். வேறொருவர் எடுத்துச் சென்று பதிந்துவிடுவார். தமிழ் எழுத்து, தமிழ்த் தட்டச்சு தொடர்பான வழுக்களை நாம் சொன்னால்தான் உண்டு. அவற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் வேறு யாரும் இல்லை. ஆகவே இது சின்ன விஷயம், எதற்குத் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

ஆலமரத்தடியில் ஒரு சிக்கலுக்கு ஒரு தலைப்பு வையுங்கள். கருவிப்பட்டைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'வெள்ளி காலையிலிருந்து தொகுக்கும் பெட்டிக்கு மேல் கருவிப்பட்டை தெரியவில்லை. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இப்படித்தான். விண்டோஸ் மடிக்கணினி, ஃபயர்ஃபாக்ஸ், வெக்டர் 2022 தோற்றம். புகுபதிகை செய்திருக்கிறேன். பாதுகாப்பு முறையில் திறந்தால் பட்டை வருகிறது. கருவிகளைப் பாதி பாதியாக அணைத்துப் பார்த்ததில் இந்தக் கருவியை அணைத்தால் சரியாகிறது. திரைப்பிடிப்பு இணைத்திருக்கிறேன்.'

கருவியின் பெயரை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிழைச்செய்தி ஏதும் வந்தால் உங்கள் சொற்களில் சொல்லாமல் அதை அப்படியே படியெடுத்து ஒட்டுங்கள். சில நாள்களில் பதில் வராவிட்டால் இடைமுக நிர்வாகி ஒருவரின் பேச்சுப் பக்கத்தில் அந்தத் தலைப்புக்கு இணைப்புக் கொடுத்து ஒரு வரி எழுதுங்கள். கேள்வியை மறுபடி முழுவதும் எழுத வேண்டாம். இவையெல்லாம் சரியாகும் வரை, நீண்ட பகுதிகளைச் சேமிக்கும் முன் ஒரு படியை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.