அப்பா வைத்திருந்த, ஆர்டர் கொடுத்துச் செய்த பழைய இங்கிலாந்து ரேஸ் சைக்கிளைப் பாளையங்கோட்டையில் இருந்தபடி எப்படி விற்பது?

முதலில், புது பெயின்ட் அடித்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் அந்தப் பழைய பெயின்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும்தான் காசு கொடுப்பார்கள்.

அப்புறம் வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில் பாருங்கள். ஃபிரேம் எண் பெரும்பாலும் அங்கேதான் குத்தியிருக்கும். செய்தவரையும் வருடத்தையும் கண்டுபிடிக்க அதுதான் பிடி. பின்சக்கரத்தின் நடு உருளை (ஹப்) ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற இங்கிலாந்து கம்பெனியுடையது என்றால் அதன் மேலேயே வருடம் பொறித்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஹப்பைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம்.

வண்டியில் 'ரெனால்ட்ஸ் 531' ஸ்டிக்கர் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது ஃபிரேம் செய்யும் உயர்தர எஃகுக் குழாயின் பெயர். அந்தக் குழாய் 1935-இல் வந்தது. ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம் என்பதால் சீட் தண்டை உருவி வெர்னியரில் அளந்து பாருங்கள். தண்டின் விட்டம் 27.2 மி.மீ. என்றால் அசல் 531 என்பதற்கு நல்ல அறிகுறி, முழு அத்தாட்சி இல்லை.

திருநெல்வேலி டவுனில் விலை விசாரிப்பது வீண். இரும்பு எடைக்குத்தான் கேட்பார்கள். சென்னை, பெங்களூரு சேகரிப்பாளர்களுக்குப் போட்டோ அனுப்புங்கள். துருவையும் நசுங்கலையும் மறைக்க வேண்டாம்.

விலை படிந்து, முழுப் பணமும் வந்தபிறகு ஜங்ஷனில் ரயில் பார்சல் போடலாம். பெடலைக் கழற்றும்போது மட்டும் கவனம்: இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். வம்படியாகத் திருகினால் பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் தண்டு போச்சு.