கூகுள் ஃபார்ம் அனுப்பி இ-லேர்னிங் ஆய்வு செய்தால் போதுமா? பட்டம் வாங்கப் போதும்

கேள்வி: பள்ளி ஆசிரியர்கள் இ-லேர்னிங்கையும் மொபைல் வழிக் கற்பித்தலையும் எந்த அளவுக்கு ஏற்கிறார்கள் என்று எம்.எட். ஆய்வேடு எழுதப்போகிறேன். டேவிஸ் மாதிரியை வைத்துக் கேள்வித்தாள் தயாரித்து, கூகுள் ஃபார்மில் நூறு ஆசிரியர்களிடம் தரவு வாங்கினால் போதுமா?

போதும். நூறு எதற்கு, எண்பது பேர் இருந்தாலே ஆய்வேடு பாஸாகிவிடும். உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேயே முடிந்தது. அவசரமென்றால் இதோடு நிறுத்திவிட்டு ஃபார்ம் தயாரிக்கப் போகலாம்.

எனக்குத்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்துபோக முடியவில்லை. உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறீர்கள். கைடு "டெக்னாலஜி சம்பந்தமா ஏதாவது எடுங்க, ரெஃபரன்ஸ் ஈசியா கிடைக்கும்" என்றிருப்பார். சீனியர் ஒருவரின் ஆய்வேடு பிடிஎஃப்பாகக் கையில் இருக்கும். அதில் மாவட்டப் பெயரையும் ஆண்டையும் மாற்றினால் மூன்று அத்தியாயம் தயார். தப்பாகச் சொல்லவில்லை, நானும் அதையேதான் செய்தேன்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பகுதி நேரமாகப் பிஎச்.டி. படித்து 2019 கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். தலைப்பு கிட்டத்தட்ட உங்களுடையதுதான்.

டேவிஸ் மாதிரி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஃபிரெட் டேவிஸ் 1989-ல் எழுதிய கட்டுரை அது. ஒருவர் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பாரா என்பதை இரண்டு விஷயங்களை வைத்துச் சொல்லலாம் என்றார்: இதனால் பயன் உண்டு என்று அவர் நினைக்கிறாரா, இது சுலபம் என்று நினைக்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் 6 கூற்று, மொத்தம் 12. இதை அவர் சோதித்துப் பார்த்தது டொரண்டோவில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த 112 பேரிடமும், பாஸ்டனில் மாலைநேர எம்பிஏ படித்த 40 மாணவர்களிடமும். மின்னஞ்சல், ஃபைல் எடிட்டர், வரைபடம் போடும் மென்பொருள் என்று எல்லாமே ஆபீஸ் சமாச்சாரம். அந்த 112 பேரில் ஒருவர்கூட "மெஷின் அப்பா பாக்கெட்டுல இருக்கு, ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வரும்" என்று சொல்லியிருக்க மாட்டார்.

டேவிஸைக் குறை சொல்ல நீ யார் என்று கமென்ட்டில் யாராவது வருவார்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்ட வேலைக்கு அந்த அளவுகோல் சரி. அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் வைத்த என்னைத்தான் சொல்கிறேன். 2003-ல் வெங்கடேஷ் குழுவினர் கொண்டுவந்த மாதிரி இருக்கிறதே, அதில் வசதிகள், சுற்றியிருப்பவர்களின் அழுத்தம், கட்டாயமா விருப்பமா எல்லாம் வருகிறதே என்று இன்னொருவர் கேட்பார். வருகிறது. முடிந்தால் அதையாவது எடுங்கள். ஆனால் "எனக்குத் தேவையான வசதிகள் உள்ளன" என்ற கூற்றுக்கும் எங்கள் ஆட்கள் 5 தான், அதாவது "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்றுதான் போடுவார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கேள்வித்தாளை நான் தமிழில் பெயர்த்த லட்சணம் இது: "கைபேசிவழிக் கற்பித்தலைப் பயன்படுத்துவது எனது பணி விளைதிறனை மேம்படுத்தும் என உணர்கிறேன்." மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துத் தந்த தமிழ்த்துறைப் பேராசிரியருக்கு முன்னுரையில் நன்றிகூடச் சொன்னேன். எங்கள் பள்ளியில் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த சமூக அறிவியல் ஆசிரியை அந்த ஃபார்மைத் திறந்துவைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், இது நல்லதா கெட்டதா? நல்லதுன்னா எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுடறேன், சரியா?" சரிங்க டீச்சர் என்றேன். என் வேலை முடிந்தால் போதும் என்ற நிலையில் இருந்தேன்.

ஒன்றிய அளவிலான வாட்ஸாப் குழுவில் போட்டேன். நான்கு நாள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு குழு அட்மின், கொஞ்சம் செல்வாக்குள்ளவர், "அனைவரும் இன்று மாலைக்குள் பூர்த்தி செய்யவும்" என்று ஒரு வரி போட்டார். அன்று மாலை மட்டும் அறுபதுக்கு மேல் வந்து விழுந்தது. மொத்தம் 214. இரவு லேப்டாப்பில் அந்த ஷீட்டைத் திறந்தபோது வரிசை வரிசையாக 5 5 5 5 5. அறுவடைக்கு நிற்கும் வயலைப் பார்ப்பது போல இருந்தது.

அதில் ஒரே ஒரு கூற்றை மட்டும் நான் திருப்பிப் போட்டிருந்தேன். "கைபேசி வழியாகப் பாடம் நடத்துவது எனக்குச் சிரமமாக இருக்கிறது." கவனமாகப் படித்துத்தான் நிரப்புகிறார்களா என்று பார்க்க இப்படி ஒன்றிரண்டு வைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் சொல்லியிருந்தார்கள். "சுலபமாக இருக்கிறது" என்பதற்கு 5 போட்டவர்களில் பாதிக்கு மேல் "சிரமமாக இருக்கிறது" என்பதற்கும் 5 போட்டிருந்தார்கள்.

இதைப் பார்த்ததும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? மொத்தத்தையும் ஓரம்கட்டிவிட்டு, நாலு பேரை டீக்கடையில் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். நான் கைடிடம் போனேன். க்ரான்பாக் ஆல்ஃபா, அதாவது கூற்றுகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண், 0.7-க்குக் கீழே நின்றது. "அந்த ஐட்டத்தைத் தூக்கிடுங்க, ஆல்ஃபா எப்படி ஏறுது பாருங்க" என்றார். தூக்கினேன். 0.9-ஐத் தாண்டியது. அத்தியாயம் நான்கில் "ஆய்வுக் கருவியின் நம்பகத்தன்மை மிக உயர்வாக உள்ளது" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதிய விரல்கள்தான் இதையும் தட்டச்சு செய்கின்றன.

எல்லா கைடும் அப்படி இல்லை. என் கைடும் கெட்டவர் இல்லை, அவருக்குக் கீழே எட்டுப் பேர் இருந்தார்கள், அவருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

ஆனால் வைவா, அதாவது பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள், நாளைக்கு நீங்களும் பிஎச்.டி. பக்கம் வருவீர்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்கு ஏசி ரூம், ஏசி கார், துறை முழுவதற்கும் சாப்பாடு, ஆளுக்கொரு பொன்னாடை. எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மட்டன் பிரியாணி சொல்லிவைத்திருந்தேன். காலை பத்து மணிக்கு, அவர் மீன்தான் சாப்பிடுவார் என்று தகவல் வந்தது. என் மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். அந்த 214 பேரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்துவிடுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது பக்க எண் ஏன் மேலே போட்டிருக்கிறது என்று. மனைவியின் வளையல் ஒன்று அந்த மாதம் அடகுக்குப் போனது. சரி, விடுங்கள்.

என் ஆய்வின் முடிவு: "ஆசிரியர்கள் கைபேசிவழிக் கற்பித்தலை உயர்நிலையில் ஏற்கின்றனர்." அதே காலத்தில் எங்கள் பள்ளியில் வகுப்பறைக்குள் ஆசிரியர் போன் கொண்டுபோகக் கூடாது என்று விதி. 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு அச்சாகியிருந்தது, தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். ஸ்கேன் செய்ய வேண்டிய போன் ஸ்டாஃப் ரூம் மேஜை டிராயரில். புரொஜெக்டர் பீரோவில், பீரோ சாவி ஹெச்.எம்.மிடம். எடுத்தால் ரிஜிஸ்டரில் கையெழுத்து, பல்பு போனால் கையெழுத்துப் போட்டவர் தலையில் விடியும். அதனால் யாரும் எடுக்கவில்லை. இதெல்லாம் என் 214 வரிசையில் எங்கேயும் வரவில்லை, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை.

அப்புறம் 2020 மார்ச் வந்தது. பள்ளியை மூடினார்கள்.

பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்த வேண்டும். குவிலென்ஸில் கதிர்ப்படங்களைத் தாளில் வரைந்து, போட்டோ எடுத்து, குரல் பதிவோடு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஒரு மாணவியிடமிருந்து இரவு ஒன்பதே காலுக்குப் போன் வந்தது. "சார், டிஸ்பிளேல கோடு விழுந்திருக்கு சார். நீங்க எஃப்-னு சொல்றீங்க இல்ல, அந்த எடம் கருப்பா இருக்கு." போனைத் திருப்பிப் பார், படமும் திரும்பும் என்றேன். "திருப்பினா கோடும் திரும்புது சார்." ஆட்டோ-ரொட்டேட்டை நிறுத்து, பெரிதாக்கி நகர்த்திப் பார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஓர் ஆண் குரல், "சீக்கிரம் குடு, சார்ஜ் போடணும்." அப்பா லோடுமேன். காலையில் ஐந்தரைக்குப் போனோடு கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவார். அவருக்கு லோடு வருவதே அந்தப் போனில்தான். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நான்கு கோடு போட்டேன். வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டா, அது யார் பாக்கெட்டில் இருக்கிறது, வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறது, ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடிகிறது. 38 பிள்ளைகளின் வீடுகளுக்கும் போன் போட்டோ, மாஸ்க் கட்டிக்கொண்டு நேரில் போயோ கேட்டேன். 29 வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. பகலில் அது வீட்டில் இருந்தது 11 இடத்தில். அந்தப் பதினொன்றிலும் அண்ணன் இருக்கும் வீடுகளில் தங்கைக்கு முறை வருவதில்லை, அண்ணன் கேம் ஆடி முடிக்கும்போது இரண்டு சதவீதம் சார்ஜ் இருக்கும்.

ஒரு வகுப்பை வைத்து இவ்வளவு பேசலாமா என்பீர்கள். நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் எடுக்கப்படும் ஏசர் கல்விக் கணக்கெடுப்பின் அறிக்கையைப் பாருங்கள். பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருப்பது 2018-ல் 36.5 சதவீதம், 2020-ல் 61.8. அடுத்த ஆண்டு 67.6. இந்த எண்ணைத்தான் மேடையில் எல்லோரும் சொல்வார்கள். அதே 2021 அறிக்கையில், போன் இருக்கும் வீடுகளிலேயே கால்பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது கைக்குக் கிடைப்பதில்லை என்றும் இருக்கிறது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நோட்டைப் பார்த்துப் பாட நேரத்தை இரவு ஒன்பதிலிருந்து பத்துக்கு மாற்றினேன். என் வீட்டில் சண்டை வந்தது. வீடியோவை நிறுத்தினேன், அரை மணியில் நெட் பேக்கைத் தின்றுவிடுகிறது. போன் போட்டு, நோட்டை எடுக்கச் சொல்லி, கோடு போடச் சொல்லி, வாயாலேயே வரையவைத்தேன். அதுதான் ஓரளவு வேலை செய்தது. நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடுதான் படித்தேன், அதே 2020-ல் போட்ஸ்வானாவில் சுமார் 4,500 குடும்பங்களை வைத்து முறையாகவே சோதித்திருக்கிறார்கள். சாதாரண பட்டன் போன்தான். சிலருக்கு வாரம் ஒரு கணக்குக் குறுஞ்செய்தி மட்டும், சிலருக்கு அதோடு ஆசிரியரிடமிருந்து ஓர் அழைப்பும். அழைப்பும் சேர்ந்த இடத்தில் பிள்ளைகளின் கணக்கு தெளிவாகவே தேறியது.

முந்தைய ஆய்வுகளைப் பற்றிய ரிவியூ அத்தியாயத்தை எழுதும்போது இந்த மாதிரி ஆய்வுகளைப் படியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பெருவில் முந்நூறுக்கு மேற்பட்ட கிராமப் பள்ளிகளை எடுத்து, பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளை 619 பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்த ஆய்வில் நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் வருகிறது என்றால் அது அங்கிருந்து ஆரம்பித்தது. போதாததற்குப் பக்கத்தில் உதவி ஆசிரியர் ஒருவரும் இருந்தார். இரண்டிலும் "உங்களுக்குப் பிடித்திருக்கிறதா" என்று கேட்டதோடு நிற்கவில்லை, பிள்ளைக்குக் கணக்கு வந்ததா என்று பார்த்தார்கள்.

எம்.எட். ஆய்வேட்டில் அந்த அளவுக்கெல்லாம் போக முடியாது, தெரியும். கைடு கேட்டால் அந்த 12 கூற்றையும் வையுங்கள், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு அட்டவணை எடுத்துக் கொடுங்கள். கூடவே பன்னிரண்டு ஆசிரியர்களைத் தனித்தனியாகப் பாருங்கள். கடைசியாக எந்தப் பாடத்துக்குப் போனைத் தொட்டீர்கள், யாருடைய போன், யாருடைய நெட், நின்றுபோனது எங்கே என்று பேச்சுத் தமிழில் கேளுங்கள். "போன வாரம்" என்று கேளுங்கள், "பொதுவாக" என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். அட்மின் மூலமாக மட்டும் அனுப்பாதீர்கள். திருப்பிப் போட்ட கூற்று ஒன்றையாவது வையுங்கள். ஆல்ஃபா இறங்கினால் யார் எங்கே மாற்றிப் போட்டார்கள் என்று அதையே ஒரு பக்கம் எழுதுங்கள், கைடு திட்டினால் திட்டட்டும்.

என் 214 பேரின் ஷீட் இன்னும் பென் டிரைவில் இருக்கிறது, நான் தூக்கிய அந்தக் கூற்றுக்கு வந்த பதில்களோடு சேர்த்தே. பெயர், பள்ளி எதுவும் அதில் இல்லை. வேண்டுமென்றால் மெசேஜ் போடுங்கள், அனுப்புகிறேன். இரவு ஒன்பதிலிருந்து பத்து வரை மட்டும் பார்க்க மாட்டேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.