திரை கோடு கோடாகி சிஸ்டம் நின்றுவிடுகிறதா? கேள்வி பதில்

கத்திரி வெயில் தொடங்கினால் எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான்: "அண்ணே, திரையில் கலர் கலராகக் கட்டம் வந்து சிஸ்டம் அப்படியே ஹேங் ஆகிவிடுகிறது." மதுரையில் 18 வருடமாக டெஸ்க்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். இந்த வாரம் கேட்டவர்களுக்கு மொத்தமாக இங்கே பதில் சொல்கிறேன். கோளாறு எப்போது வருகிறது, எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று பார்க்காமல் பணத்தோடு கடைக்குக் கிளம்பாதீர்கள்.

செல்லூர், தறி வைத்திருப்பவர்: தம்பி, சேலை டிசைன் போடும் சிஸ்டம். காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் 1 மணிக்கு மேல் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் வந்து மவுஸ்கூட அசையாமல் நின்றுவிடுகிறது. அணைத்து அரைமணி நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள் அண்ணே, இப்போதைக்கு. காலையில் சரி, மதியம் கோளாறு, ஆறவிட்டால் மறுபடி சரி. சூடுதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

போன மாதம் இதே மாதிரி ஒரு தறி வீட்டில் சிபியுவைத் திறந்தேன். பேன் சுற்றுகிறது, சத்தமும் வருகிறது. பேனைக் கழற்றிப் பார்த்தால், அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. அதைத் தாண்டிக் காற்று எங்கே போகும்?

கிராபிக்ஸ் கார்டில் இன்னொரு சங்கதி உண்டு. நின்ற வாக்கில் இருக்கும் கேபினட்டில் கார்டின் பேன் பெரும்பாலும் தரையைப் பார்த்தபடி இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது நின்றுபோனதே தெரியாது. குனிந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சில புதுக் கார்டுகளில் வேலை இல்லாதபோது பேன் தானாகவே நிற்கும், அது கோளாறு இல்லை. டிசைனைத் திறந்து கார்டு நன்றாகச் சூடேறிய பிறகும் சுற்றவில்லை என்றால்தான் பேன் போய்விட்டது என்று அர்த்தம். பேன் மட்டும் மாற்றினால் போதும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாசலில் வைத்து, பெயின்ட் பிரஷாலும் ப்ளோயராலும் சுத்தம் பண்ணுங்கள். ஊதும்போது பேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். கார்டு வாங்கி நாலைந்து வருடமாகிவிட்டது என்றால் சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள். சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கலாம்.

விண்டோஸ் 11 என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவை (கிராபிக்ஸ் கார்டுதான்) தொட்டால் சூடு எவ்வளவு என்று காட்டும். பொதுவாக 80 டிகிரி வரை கவலை இல்லை. 90-ஐத் தாண்டினால் நான் சொன்னதுதான் காரணம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோரிப்பாளையம், ஆல்பம் டிசைன் செய்பவர்: வைகாசி முகூர்த்த ஆல்பமெல்லாம் குவிந்து கிடக்கிறது. திரையில் திடீர் திடீரென்று கோடு விழுகிறது. மானிட்டரா, சிபியுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மானிட்டரின் அடியிலோ பின்பக்கமோ மெனு பட்டன் இருக்கும் அக்கா. கோடு விழுந்திருக்கும்போது அதை அமுக்குங்கள். வெளிச்சம், கலர் மாற்றும் அந்தப் பெட்டியை வரைவது மானிட்டரேதான், சிபியுவுக்கு அதில் வேலையே இல்லை. கோடு அந்தப் பெட்டியின் மேலும் ஓடினால் மானிட்டர் பேனல். பெட்டி சுத்தமாக இருந்து பின்னால் படம் மட்டும் அலங்கோலமாக இருந்தால் கேபிளோ சிபியுவோ.

அப்புறம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள். போனில் திறந்தாலும் கோடு இருந்தால் படம் சிபியுவுக்குள்ளேயே கெட்டிருக்கிறது. போனில் சுத்தமாக இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கார்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு, ஆனால் நான் பார்த்தவரை கேபிள்தான் அதிகம். முதலில் எச்டிஎம்ஐ கேபிளை இரண்டு பக்கமும் பிடுங்கி அழுத்திச் சொருகுங்கள், அப்படியும் வந்தால் கேபிளை மாற்றுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

திருமங்கலம்: ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

சிஸ்டத்தை ஆன் செய்ததும் டெலீட் கீயை அமுக்கி, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங் பக்கத்துக்குள் போங்கள் (சில போர்டுகளில் எஃப்2). அங்கேயும் கோடு தெரிந்தால் பத்துத் தடவை ஃபார்மட் போட்டாலும் போகாது. விண்டோஸ் இன்னும் எழவே இல்லையே, அதன் மேல் எப்படிப் பழி போடுவது?

மேலூர், கல்லூரி மாணவர்: அண்ணே, எனக்கு பயாஸில் சுத்தமாக இருக்கிறது. விண்டோஸில் திரை 2 விநாடி கறுப்பாகி, தானாக வந்துவிடுகிறது. சில நேரம் வருவதே இல்லை. போன வாரம் டிரைவர் அப்டேட் ஆனது.

அந்த 2 விநாடிக்கு ஒரு கணக்கு இருக்கிறது தம்பி. கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ், கார்டை ஓட்டும் சாப்ட்வேரான டிரைவரை நிறுத்தித் திரும்ப எழுப்பும். விண்டோஸ் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 என்ற எண் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். மறுபடி திரை போனால் உடனே பவர் பட்டனை அமுக்காதீர்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்று கீயையும் பிடித்துக்கொண்டு பி-யைத் தட்டுங்கள். ஒரு பீப் கேட்டுத் திரை திரும்பி வந்தால் எழுதியதைச் சேவ் பண்ணிவிடலாம்.

அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால் சேஃப் மோடில் போய் டிடியு என்ற இலவச சாப்ட்வேரால் டிரைவரைத் துடைத்துவிட்டு, முன்பு ஓடிய பதிப்பைப் போடுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் டிரைவரை விட்டுவிட்டுச் சூட்டையும் கரண்டையும் பாருங்கள்.

அவனியாபுரம்: செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்கினேன். கேம் தொடங்கி 10 நிமிடத்தில் திரை முழுக்கக் கலர் புள்ளி, அப்புறம் ஹேங். சூடு 70-தான் காட்டுகிறது. யூடியூபில் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்கிறார்கள்.

அடுப்பில் முறுக்கு சுடுங்கள். கார்டைச் சுட்டால் சில நாள் ஓடுவது போலக் காட்டிவிட்டு மறுபடி படுத்துவிடும், அந்தப் புகையும் நல்லதில்லை.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாப்ட்வேரைப் போட்டு மெமரி கிளாக்கை, அதாவது கார்டின் மெமரி ஓடும் வேகத்தை மட்டும் 300, 500 மெகாஹெர்ட்ஸ் என்று குறைத்துப் பாருங்கள். புள்ளி மறைந்தால் கார்டிலேயே இருக்கும் மெமரி சிப் தளர்ந்துவிட்டது. குறைத்தே கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனால் அந்தக் கார்டை நம்ப முடியாது. விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க முடிந்தால் இன்றைக்கே போங்கள்.

உசிலம்பட்டி, ஜெராக்ஸ் கடை: பிரின்ட் கொடுக்கும்போதெல்லாம் திரை ஒரு வெட்டு வெட்டி சிஸ்டம் நின்றுவிடுகிறது. யுபிஎஸ் இருக்கிறது.

லேசர் பிரின்டரையும் அதே யுபிஎஸ்ஸில்தானே சொருகியிருக்கிறீர்கள்? கடைகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தாங்கும். லேசர் பிரின்டர் உள்ளே ரோலரைச் சூடேற்றும்போது ஒரு நொடிக்கு அதைவிட அதிகமாகவே இழுக்கும். பிரின்டரை நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். வேலை நடக்கும்போது மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் நடுவில் காட்ட வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2015-இல் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கோட்டைப் பார்த்ததுமே கார்டு போய்விட்டது என்று சொல்லிப் புதுசு வாங்க வைத்தேன். புதுக் கார்டிலும் அதே கோடு. எஸ்எம்பிஎஸ்தான் படுத்திருந்தது. அந்தப் பழைய கார்டுக்கு நான் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டேன், இப்போதும் என் மேசையில் டெஸ்டிங்குக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

திருநகர்: என் சிஸ்டத்தில் கிராபிக்ஸ் கார்டே இல்லை. எனக்கும் கட்டம் கட்டமாக வருகிறதே?

கார்டு இல்லாத சிஸ்டத்தில் பிராசஸரே படத்தை வரைகிறது, அதற்கு மெயின் ராமில்தான் இடம் எடுத்துக்கொள்கிறது. அதனால் ராம் கோளாறு திரையில் கட்டமாகத் தெரியும். கரண்டை எடுத்துவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள், மறுநாள் மற்றதை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாப்ட்வேரை இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராம் வேண்டாம்.

கார்டு இருப்பவர்களும் கார்டைக் கழற்றி மானிட்டரை மதர்போர்டில் சொருகிப் பார்க்கலாம். இன்டெல் பிராசஸர் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் படம் வராது, பயந்துவிடாதீர்கள்.

வாடிப்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: கோடு, கட்டம் எதுவும் இல்லை. மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைத் தொட்டாலும் 2 நிமிடம் உறைந்து நிற்கிறது.

ஐயா, உங்களுடையது ஹார்ட் டிஸ்க். வேறெதையும் செய்வதற்கு முன்னால் பேரப்பிள்ளைகளின் போட்டோவைப் பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள். பிறகு டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். நீலத்துக்குப் பதில் மஞ்சளோ சிவப்போ காட்டினால் எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள்.

செல்லூர், அதே அண்ணன்: பார்த்தேன் தம்பி. 96 டிகிரி காட்டியது. கார்டின் பேனில் நூல் சுற்றி இறுகிக் கிடந்தது. எடுத்துவிட்டுச் சுத்தம் பண்ணியதும் மதியத்திலும் 71-தான். இனிமேல் பஞ்சு போகாமல் வேட்டியால் மூடி வைக்கட்டுமா?

ஓடும்போது மூடினால் மறுபடி 96-தான் அண்ணே. வேட்டியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிபியுவைத் தரையிலிருந்து தூக்கி ஒரு ஸ்டூலில் வையுங்கள், காற்று உள்ளே போகும் முன்பக்கத்தில் கொசுவலைத் துண்டை டேப் போட்டு ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து உதறுங்கள், தறிக்கு லீவு விடும் அன்றைக்கே.