கோப்பிக்கடை பின்னால் நிற்பது எந்த வருட மோரிஸ் மைனர்?

வணக்கம் அண்ணே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோப்பிக்கடை பின்னால் நிற்கும் பழைய காரைப் படம் பிடித்து, எந்த வருடத்தது என்று கேட்டிருந்தீர்கள். அது மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார்தான். முன் கண்ணாடி நடுவில் பட்டை வைத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 1956-இல் ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டதால் இது அதற்கு முந்தியது. கிரில் பட்டைகள் குறுக்கே கிடந்து, ஸ்பீடோமீட்டர் டேஷ்போர்டின் நடுவில் இருந்தால் 1954 கடைசிக்குப் பிந்தியது.

பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் நான்கும் எஞ்சின் தலைக்கு மேலே செங்குத்தாக நின்றால் பழைய 918 சிசி சைட் வால்வ் எஞ்சின் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்). பக்கவாட்டில் இருந்தால் அதற்கு அடுத்து வந்த ஏ சீரிஸ் எஞ்சின். அந்த வருடங்களில் 803 சிசி. பின்னாளில் 948, 1098 மாற்றிப் போட்டிருக்கலாம். எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் கிராண்டில் (காரின் உரிமைப் பத்திரத்தில்) உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பெயர் மாற்றவே முடியாமல் இழுக்கும், முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெயின்ட் பளபளப்பை நம்ப வேண்டாம். முன்சீட்டுக்குக் கீழே டோர்ஷன் பார் (முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகிக் கொடுக்கும் கம்பி) பிடிக்கும் குறுக்குச் சட்டத்தையும், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் துரு தின்றிருக்கிறது, வெல்டிங் செலவு காரின் விலையையே தாண்டிவிடலாம். முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். கிரீஸ் காணாத ட்ரனியன் (முன்சக்கரத்தைப் பிடித்துத் திரும்ப விடும் மூட்டு) மரை தேய்ந்திருந்தால் ஆட்டம் கையில் தெரியும். அது ஓடும்போது கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். ஆட்டம் இருந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம், லாரியில் ஏற்றுங்கள்.