பட்டறைக் கணக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அன்புள்ள அக்கா,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். பி.காம் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. சேலம், நாமக்கல், கோவை என்று அறுபது இடங்களுக்காவது ரெஸ்யூம் அனுப்பியிருப்பேன். இரண்டு இடத்தில்தான் கூப்பிட்டார்கள். அந்த ரெஸ்யூம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் அடித்துக் கொடுத்தது. இத்துடன் இணைத்திருக்கிறேன். முன் அனுபவம் இல்லாததால்தான் ஒதுக்குகிறார்களா? அப்பாவின் கொலுசுப் பட்டறையில் நான்கு வருடமாகக் கணக்கு நான்தான் பார்க்கிறேன். வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பது, கொலுசாக வந்ததும் கழித்துப் பார்ப்பது, டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவது, ஆடிட்டருக்கு ஜிஎஸ்டி கணக்கு அனுப்புவது எல்லாம். ஆனால் வீட்டு வேலையை அனுபவம் என்று எப்படிச் சொல்வது?

ச., சேலம்

அன்புள்ள ச.,

அறுபது இடத்துக்குப் போன ரெஸ்யூமைவிட எனக்கு வந்த கடிதம் நன்றாக இருக்கிறது. கடிதத்தின் கடைசி நான்கு வரிகளில் இருப்பது ரெஸ்யூமின் இரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

நான் பத்து வருடம் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பிரித்துப் படித்தவள். ஒரு கிளார்க் வேலைக்கு இருநூறு வரும். ஒன்றுக்கு அரை நிமிடம் ஒதுக்க முடிந்தால் பெரிது. உங்களுடையதில் முதலில் கண்ணில் படுவது, ‘சவாலான சூழலில் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவது’ என்ற குறிக்கோள். அந்த வரி எல்லாரிடமும் இருக்கிறது. அடுத்து வரும் ‘கடின உழைப்பாளி’யும் அப்படித்தான். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

பட்டறைக்கு வருவோம். கட்டி வெள்ளி உருகி, கம்பியாக இழுபட்டு, பற்றவைத்து, மெருகேறி கொலுசாகத் திரும்புகிறது. கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் நடுவே சேதாரம். எவ்வளவு குறைந்தால் சரி, எவ்வளவு குறைந்தால் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கம்பெனிகளில் இதைத்தான் ஸ்டாக் சரிபார்ப்பு என்கிறார்கள். வெள்ளியில் கிராம் பிசகாமல் நோட்டு வைத்திருப்பவர் கிடைத்தால் ஒரு ஜவ்வரிசி மில்லோ நூல் மில்லோ நிச்சயம் கூப்பிட்டுப் பேசும். ஆனால் அவர்களுக்கு அது தெரிய வேண்டுமே!

மேலே பெயர், போன், ஊர். உடனே கீழே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘கணக்குப் பொறுப்பு, வெள்ளிக் கொலுசுப் பட்டறை (குடும்பத் தொழில்), செவ்வாய்ப்பேட்டை, நான்கு ஆண்டுகள். ஆறு தொழிலாளர்களுக்குத் தரும் வெள்ளி, திரும்பும் கொலுசு, சேதாரம் மூன்றையும் தினமும் பதிவு செய்து சரிபார்த்தல். மாதம் நாற்பது பில்கள் டேலியில். ஜிஎஸ்டிஆர்-1, 3பி விவரங்களை ஒவ்வொரு மாதமும் ஆடிட்டருக்குத் தயாரித்தல்.’

ஆறு, நாற்பது என்பதெல்லாம் நான் உத்தேசமாகப் போட்டவை. மாதாமாதம் தாக்கல் என்பதும் அப்படியே. உங்கள் நோட்டைப் பார்த்துச் சரியானதை எழுதுங்கள். மாதத் தாக்கல்தான் என்றால், 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரிச் சுருக்கமான 3பி என்ற கெடுவைத் தவறவிடாமல் கணக்குக் கொடுத்ததையும் சேருங்கள். குடும்பத் தொழில் என்பதை மறைக்க வேண்டாம். நேர்முகத்தில் எப்படியும் கேட்பார்கள், அங்கே சொல்ல உங்களிடம் நிறைய இருக்கிறது. சம்பளம் வாங்காததால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

எக்செல் ‘நிபுணர்’ என்று போட்டிருக்கிறீர்கள். எதிரில் கம்ப்யூட்டரை வைத்துச் செய்யச் சொன்னால் எதைச் செய்வீர்களோ அதை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் வரும் ‘மேற்கண்டவை உண்மை’ உறுதிமொழி எதுவும் தனியார் வேலைக்குத் தேவையில்லை. ஒரு பக்கம் போதும். கட்டம், அட்டவணை போட்ட ரெஸ்யூமை வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் சில சமயம் தப்பாகப் படிக்கும், அதனால் வெறும் எழுத்தாக வைத்து பிடிஎஃப்பில் அனுப்புங்கள். அரசு வேலை என்றால் வேறு, அவர்கள் படிவத்தில் கேட்பதையெல்லாம் நிரப்பத்தான் வேண்டும்.

இன்னொன்று. அறுபது இடத்துக்கும் ஒரே நகலை அனுப்பியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் ஸ்டாக் என்று இருந்தால் சேதாரக் கணக்கு முதல் வரியாக வரட்டும், ஜிஎஸ்டி என்று இருந்தால் அது மேலே ஏறட்டும். பத்து நிமிட வேலைதான்.

உங்கள் ஆடிட்டரிடம், விசாரித்தால் உங்களைப் பற்றிச் சொல்வாரா என்று முதலில் கேளுங்கள். சரி என்றால் அவர் பெயரைக் கடைசியில் சேருங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.