பெட்டகத்துக் காகிதம் முதல் பத்தாம் வகுப்புப் பாடம் வரை: வரலாற்று ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கும் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வகுப்பறைக்குள் எந்தப் பொருளைக் கொண்டுவரலாம், அதை வைத்து எப்படிப் பாடம் நடத்தலாம் என்பதுதான் பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பது. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கானாடுகாத்தான் ஆசிரியை: சார், மாணவி ஒருத்தி வீட்டுப் பெட்டகத்தில் இருந்த பழைய கடன் பத்திரத்தை எடுத்து வந்திருக்கிறாள். "விபவ வருஷம் தை மாதம்" என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதை வைத்துப் பாடம் நடத்த முடியுமா?

நடத்தலாம் டீச்சர். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது. ஆனால் முதலில் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் சம்மதம் கேளுங்கள். கடன், நிலம், சீர் பற்றிய தாள்களில் வெளியே தெரிய வேண்டாம் என்று குடும்பம் நினைப்பவை இருக்கும். அவர்கள் சரி என்றால் படம் எடுத்துக்கொண்டு அசலை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஜன்னல் ஓரமாக மேசையில் விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் அளவும் பதிவாகிவிடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில வருஷங்களில் பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம், பிறகு பிரித்தெடுக்க முடியாது. ஜெராக்ஸில் ஆள் பெயர்களை மறைத்துவிடுங்கள்.

இனி ஆண்டு. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விபவ என்பது 1868-69 ஆகலாம், 1928-29 ஆகலாம், 1988-89 ஆகலாம். மாதம் தை என்பதால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. அப்படியானால் 1869, 1929, 1989 இந்த மூன்றில் ஒன்று. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுவார்கள். விபவ என்றதும் 1928 என்று எழுதிவிடுவார்கள். வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அதனால் தை, மாசி, பங்குனி மூன்றும் பெரும்பாலும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும்.

மூன்றில் எது என்பதைத் தாளே சொல்லட்டும். முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது? ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910க்குப் பின். விக்டோரியா என்றால் 1869. அசோகச் சின்னம் என்றால் விடுதலைக்குப் பின். தொகை அணா, பையில் இருக்கிறதா, அணா இல்லாமல் ரூபாய், பைசாவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தசம நாணயம் 1957 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. இத்தனையையும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஐந்து பேருக்கு ஒரு பிரதி கொடுத்து, முதல் ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். தலையைக் கண்டுபிடிக்கும் பிள்ளை ஒவ்வொரு குழுவிலும் ஒன்று இருக்கும்.

தமிழ் எண்கள் அடுத்த சிக்கல். ௩௱௫௰ என்று இருந்தால் 350. பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறி (௰, ௱) உண்டு, ஆயிரத்துக்கு ௲. 1935ஐ ௲௯௱௩௰௫ என்று எழுதுவார்கள். நான்கு எண்ணுக்கு ஏன் ஆறு குறி என்று பிள்ளைகள் குழம்புவார்கள். கரும்பலகையில் ஒருமுறை பிரித்துக் காட்டினால் போதும். கடைசிப் பத்து நிமிடம் ஒரு கணக்கு: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (பைசாவிலும் சிறிய பழைய காசு). நூறு ரூபாய்க்கு மாதம் 12 அணா வட்டி என்றால் 2,500 ரூபாய்க்கு ஒரு வருஷத்துக்கு எவ்வளவு? 225 ரூபாய். கணக்கைப் போட்டு முடித்த பிள்ளைக்கு வட்டிக்கடை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

தேவகோட்டை ஆசிரியர்: பெருமந்தம் (உலகப் பொருளாதாரச் சரிவு) பாடத்தில் 1929, வால் தெரு என்று மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். இங்கே பொருத்திக் காட்ட வழி உண்டா?

பர்மா வழியாகக் காட்டுங்கள். நம் செட்டியார்கள் அங்கே வட்டிக்கடை வைத்து நெல் உழவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவில் சாகுபடி நிலத்தில் செட்டியார்கள் கையில் இருந்தது 1930இல் ஏறத்தாழ 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம் ஆனது. இந்த இரண்டு எண்களை மட்டும் பலகையில் எழுதி, "இவர்கள் பணக்காரர் ஆனார்களா?" என்று கேளுங்கள். வகுப்பு மொத்தமும் ஆமாம் என்னும். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம். உண்மையில் நெல் விலை சரிந்தது, உழவரால் கடனை அடைக்க முடியவில்லை, அடமான நிலம் வட்டிக்கடைக்காரர் கைக்கு வந்தது. கையில் இருந்த ரொக்கம் எல்லாம் விற்க முடியாத நிலமாக மாறிவிட்டது. 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது.

விளையாட்டாகவும் செய்யலாம். புளியங்கொட்டைதான் பணம். உழவர், வட்டிக்கடை மேலாள் (பர்மாவில் கடையை நடத்துபவர்), ஊரில் இருக்கும் முதலாளி, அரிசி ஆலைக்காரர் என்று நான்கு அட்டை. முதல் சுற்றில் உழவருக்குப் பத்துக் கூடை நெல், கூடைக்குப் பத்துக் கொட்டை. 100 வந்ததில் அசலும் வட்டியுமாக 60 போக, 40 மிஞ்சும். அடுத்த சுற்றில் கூடைக்கு நான்கு கொட்டை என்று அறிவியுங்கள். வருவது 40, கொடுக்க வேண்டியது 60. நில அட்டை கைமாறும். இவை விளையாட்டுக்கான எண்கள், வரலாற்று விலை அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சைத் தாளில் எழுதி வைப்பார்கள்.

இன்னொரு தவறும் நடக்கும். மேலாள் அட்டை வைத்திருப்பவரை வில்லனாக்கிவிடுவார்கள், அல்லது நம் ஊர்ப் பெருமை பேசுவார்கள். இரண்டாம் சுற்று முடிந்ததும் அட்டைகளை மாற்றிக் கொடுத்து, புது ஆளாக நின்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். 1930 டிசம்பரில் பர்மிய உழவர்கள் சாயா சான் தலைமையில் கிளர்ந்தெழுந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த உழவரின் பக்கத்தைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிப்பது நியாயமில்லை.

பள்ளத்தூர் ஆசிரியை: காலக்கோடு சார்ட் வருஷா வருஷம் கிழிந்துபோகிறது. நிரந்தரமாக ஒன்று செய்ய என்ன அளவு வைக்கலாம்?

சார்ட் வேண்டாம், காடாத் துணியில் செய்யுங்கள். 20 அடிச் சுவர் என்றால் 609 செ.மீ. கி.மு. 600 முதல் கி.பி. 2000 வரை 2,600 ஆண்டுகள். ஐந்து ஆண்டுக்கு 1 செ.மீ. என்றால் 520 செ.மீ., இடம் தாராளம். இடது ஓரத்திலிருந்து 120 செ.மீ.யில் கி.பி. தொடங்கும். ராஜராஜன் பட்டமேறிய 985 வருவது 317 செ.மீ.யில், மருது சகோதரர்களின் 1801 வருவது 480இல், 1947 வருவது ஏறத்தாழ 509இல். சம்பவங்களைத் துணியில் எழுதாமல் அட்டையில் எழுதித் துணிக்கிளிப்பால் மாட்டினால் தவறாக வைத்ததை நகர்த்த முடியும்.

மருது சகோதரர்களுக்கும் 1947க்கும் நடுவில் ஒரு சாண்தான் கொஞ்சம் தாண்டும் என்று பிள்ளைகள் கையை வைத்துப் பார்க்கும் நேரம் முக்கியமானது, அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் பரீட்சைக்கு இது போதாது. 1900 முதல் 1950 வரை தனியாக இன்னொரு துணி, ஆண்டுக்கு 5 செ.மீ., மொத்தம் 250 செ.மீ. இதில் 1920 வருவது 100இல், 1942 வருவது 210இல். ஆண்டுகளுக்கு நடுவே சம இடைவெளி விடாமல், சம்பவங்களைச் சம இடைவெளியில் அடுக்கும் பழக்கம் இதில் பழகினால்தான் போகும். கி.மு.விலிருந்து கி.பி.க்குக் கழிக்கும்போது பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

குன்றக்குடி ஆசிரியர்: பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கல்வெட்டில் மைப்படி (எழுத்தைத் தாளில் மை ஒற்றி எடுக்கும் படி) எடுக்கலாமா?

கூடாது. தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் பாதுகாக்கப்பட்ட கல்லின் மேல் தாளும் மையும் வைக்கக் கூடாது. எழுத்து தெரியட்டும் என்று சுண்ணப்பொடியோ மாவோ பூசுவதும் கல்லைக் கெடுக்கும். அங்கே போய் டார்ச் விளக்கைக் கல்லுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாத இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அந்த நிலையில் படம் எடுத்தால் போதும்.

மைப்படி பள்ளியில் எடுக்கலாம். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல் கலந்து, ஓர் அடிக்கு முக்கால் அடி, ஓர் அங்குலக் கனத்தில் பலகை வாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் விரல் பதியாத அளவுக்கு இறுகும். அப்போது ஆணியால் 4 மி.மீ. ஆழத்தில் கீற வேண்டும். முன்பே கீறினால் ஓரம் சரியும், மறுநாள் கீறினால் ஆணி வழுக்கும். கீழடிப் பானை ஓடுகளில் கிடைத்த குவிரன், ஆதன் என்ற பெயர்களைத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் எழுதச் சொல்லலாம். மூன்று நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். கண்ணாடி பிம்பமாக எழுத வேண்டுமோ என்று கேட்பார்கள். வேண்டாம். மை தாளின் வெளிப்பக்கம்தான் படுகிறது, எழுத்து நேராகவே வரும்.

நீரை உறிஞ்சும் மெல்லிய தாளை நனைத்துப் பலகையில் விரித்து, கெட்டித் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். வழவழத் தாள் இறங்காது, செய்தித்தாள் கிழியும். தாளின் பளபளப்பு போய் மங்கும்வரை காத்திருந்து, பஞ்சைத் துணியில் கட்டிய ஒத்தடப் பந்தால் விளக்குக்கரியும் பிசின் நீரும் கலந்த மையை லேசாக ஒற்றுங்கள். மேடு கறுக்கும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கும். கெட்டுப்போகும் மைப்படிகளில் பெரும்பாலானவை தாள் சொட்டச் சொட்ட இருக்கும்போதே மை வைத்தவை. காலை முதல் பீரியடில் தாளை விரித்து, அடுத்த பீரியடில் மை வைக்கத் திட்டமிடுங்கள்.

திருப்பத்தூர் ஆசிரியர்: 1801 பிரகடனத்தை எப்படிப் படிக்க வைப்பது? நம் ஊர்ச் செய்தி என்பதால் உணர்ச்சியோடு கேட்கிறார்கள், ஆனால் எழுதச் சொன்னால் வெறும் வாழ்த்துரைதான் வருகிறது.

உணர்ச்சி இருக்கட்டும், அது நல்லதுதான். பக்கத்தில் இரண்டாவது சான்று ஒன்றை வையுங்கள். 1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது சின்ன மருதுவின் பிரகடனம். எதிரணியில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1830இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் சின்ன மருதுவை மதிப்போடு எழுதியிருக்கிறார், ஈட்டி எறியவும் வளரி (வளைந்த எறிகோல்) வீசவும் அவரிடம் கற்றதாகச் சொல்கிறார். மூன்று கேள்வி போதும்: யார், யாருக்கு எழுதியது? சம்பவம் நடந்து எத்தனை ஆண்டு கழித்து? எதிரியே புகழ்ந்தால் அதை நம்பலாமா, ஏன்? மூன்றாவது கேள்விக்கு வாழ்த்துரையால் பதில் எழுத முடியாது.

புதுவயல் ஆசிரியை: கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகும் முன் என்ன தயாரிப்பு?

ஆளுக்கு மூன்று பொருள் மட்டும் ஒதுக்குங்கள், எல்லாவற்றையும் பார் என்றால் எதையும் பார்க்க மாட்டார்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமத்தின் காலம் கி.மு. 580 என்று வந்தது. அது அந்தக் கரிக்கும் அது கிடந்த மண்ணடுக்குக்கும் உரிய காலம், அங்கே காட்சியில் உள்ள எல்லாப் பொருளுக்கும் உரியது அல்ல. இதை வகுப்பிலேயே தெளிவாக்கிவிட்டுப் போங்கள்.

கோட்டையூர் ஆசிரியர்: பழைய நூல், இதழ்களைக் காட்ட வேண்டும். காசு செலவில்லாமல் எங்கே கிடைக்கும்?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாக இருக்கின்றன. உங்கள் ஊருக்கே ஒரு பெருமை உண்டு சார். சென்னையில் 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்து வைத்த தொகுப்பில் பிறந்ததுதான். பிள்ளைகளுக்கு முதலில் அதைச் சொல்லுங்கள்.

கண்டனூர் ஆசிரியை: பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன. பிள்ளைகளை விட்டுப் பேட்டி எடுக்கச் சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் முதலில் வயதைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். 1942இல் ஜப்பான் படை வந்தபோது பர்மாவிலிருந்து நடந்து வந்ததைத் தன் கண்ணால் கண்டவருக்கு இன்று 85க்கு மேல் இருக்க வேண்டும். 70 வயது ஆயா அதைச் சொன்னால் அது அவர் கேட்டது. கேட்ட கதைக்கும் மதிப்பு உண்டு, ஆனால் குறிப்பேட்டில் "கண்டது", "கேட்டது" என்று இரண்டு பத்தி பிரித்து எழுத வேண்டும். 1960களில் கப்பலேறி வந்தவர்களை இன்னும் நேரில் கேட்க முடியும்.

"பர்மாவில் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டால் "நல்லா இருந்தோம்" என்பதோடு முடிந்துவிடும். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? கப்பலில் எதைக் கொண்டுவர விட்டார்கள், எதைப் பிடுங்கிக்கொண்டார்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பேராகப் போகட்டும், ஒருவர் கேட்க, ஒருவர் போனைப் பார்த்துக்கொள்ள. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் பதிவில் காற்றுச் சத்தம்தான் கேட்கும், கூடத்தில் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். அழுதால் பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.